அங்கே நான்தான் வெள்ளைக்காரி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றது உயர்தர வகுப்பில், தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு. மனப்பாடம் செய்ததில் பாதியை மறந்துபோய் நடுவில் நின்றுவிட்டேன். அன்று பக்கத்திரைக்குப் பின்னால் நின்று அடுத்த வரியை மெல்லச் சொல்லித்தந்த சினேகிதி இன்று முன்வரிசையில் இருக்கிறா. ஆனபடியால் இன்றைக்கு நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. மறந்தால் அவ பார்த்துக்கொள்ளுவா.

"வெளிநாட்டில் தொண்டு செய்த அனுபவத்தைச் சொல்லுங்கோ டொக்டர், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று செயலாளர் கேட்டா. ஒத்துக்கொண்டேன். ஆனால் எனக்குச் சொல்லக் கிடைத்திருப்பது வெற்றிக் கதை அல்ல. ஒரு சொல்லைப் பற்றிய கதை. அந்தச் சொல்லை ஒரு தரம் வேறொருவர் எழுத நான் பார்த்தேன். பதின்மூன்று வருடம் கழித்து அதே சொல்லை என் கையாலேயே எழுதினேன். அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நான் கற்றதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நமது ஊரிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களை மட்டக்களப்பார் 200 வருடத்துக்கு மேலாகப் பார்த்து வருகிறோம். வாவிக்கரையில் சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரை உங்களுக்குத் தெரியும். 1814ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவர். வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் பறிகொடுத்தவர். தெரியாத ஊர், தெரியாத மொழி, ஒத்துக்கொள்ளாத வெக்கை. 1815 ஏப்ரலில் இறந்துபோனார். இங்கே அவர் வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. ஆனால் அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து இயேசு சபையினர் வந்தார்கள். வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அடிகளார் அவர்களில் ஒருவர். ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருந்து, நமது பிள்ளைகளோடு பந்து விளையாடி, இங்கேயே முதுமையடைந்தவர்கள்.

பிறகு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்தது.

அப்போது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவி. நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாவலடி, கல்லடி, திருச்செந்தூர், பூநொச்சிமுனை என்று ஊர்களின் பெயரைச் சொன்னாலே போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும்.

ஒரு கிழமைக்குள் வெளிநாட்டார் வரத் தொடங்கினார்கள். எனக்கு இங்கிலீசு கொஞ்சம் தெரியும், வைத்தியச் சொற்களும் தெரியும் என்பதால் ஒரு வெளிநாட்டு வைத்தியக் குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனேன். ஒரு பாடசாலைக் கட்டடம்தான் முகாம். மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டால் அது சிகிச்சை அறை. அந்தக் குழுவின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் நல்ல மனிதர்கள். நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் வேலைசெய்துவிட்டு வெறும் சீமெந்து நிலத்தில் படுத்தார்கள்.

நாவலடியைச் சேர்ந்த ஒரு தாய், முப்பது வயது இருக்கும், காலில் பெரிய காயத்தோடு வந்தா. காயத்தில் சீழ் பிடித்து, காய்ச்சலும் இருந்தது. நாளம் வழியாக மருந்து ஏற்ற வேண்டும், இரவிலும் தங்க வேண்டும் என்று வெளிநாட்டு வைத்தியர் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவ தலையை ஆட்டினா. ஆனால் பின்னேரம் ஐந்து மணி ஆனதும் எழும்பி, நொண்டி நொண்டி வெளியே போய்விட்டா. அடுத்த நாள் காலையில் வந்தா, பின்னேரம் திரும்பவும் போனா. மூன்றாம் நாள் வைத்தியருக்குப் பொறுமை போய்விட்டது. அவவின் அட்டையில் இங்கிலீசில் ஒரு சொல்லை எழுதி, கீழே கோடும் இழுத்தார். "ஒத்துழைக்க மறுப்பவர்" என்பது அதன் பொருள்.

அவ எங்கே போனா தெரியுமா? வாவிக்கரைக்கு. அவவின் இரண்டாவது மகள் இன்னும் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோனவர்களை வாவி திருப்பித் தருகிறது என்று சனம் பேசிக்கொண்டது. பொழுதுபடும் நேரத்தில் தோணிக்காரர் கரைக்கு வருவார்கள். இன்றைக்கு யாரைக் கண்டீர்கள் என்று அவர்களிடம் கேட்கப் போனா. ஒரு நாளும் தவறாமல் போனா.

எனக்கு இது எப்படித் தெரியும்? முகாமில் சோறு சமைத்த மாமி ஒருவ சொன்னா. வைத்தியரிடம் நான் சொன்னேனா? சொன்னேன். ஆனால் அந்தச் சொல் எழுதப்பட்ட பிறகுதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டிவிட்டார். அன்றிரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "இவங்களுக்கு என்ன தெரியும்? ஏன் வாறாங்க?" அம்மா சொன்னது ஒரே வார்த்தைதான். "நீ ஏன் முதலே சொல்லல்ல?"

அந்த மாதங்களில் வெளியூர் உதவி செய்த வேறு பிழைகளையும் கண்டோம். மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளிச் சட்டை வந்தது. வாசிக்கத் தெரியாத மொழிகளில் பெயர் எழுதிய மருந்துப் பெட்டிகள் வந்தன. இந்தோனேசியாவின் ஆச்சேயில் இதைவிட மோசம். அங்கே தேவையில்லாத மருந்துகளை அழிப்பதே தனி வேலையாகிப் போனது. மருந்து அன்பளிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தும் அப்படித்தான் நடந்தது.

பெண்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கும் இன்னொன்றும் உண்டு. நமது பக்கத்தில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், வீடு வளவு பெண்ணுக்குத்தான். தாய்வழிக் குடி, மகளுக்குச் சீதனமாக வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இந்த வழக்கம் தெரியாமல் சுனாமிக்குப் பிறகு கட்டிய புது வீடுகளைப் பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் பதியப் பார்த்தார்கள். பாட்டியிலிருந்து பேத்திக்கு வந்த வளவு, அலை அடித்துப்போன கையோடு பெண்ணின் கையைவிட்டும் போகப் பார்த்தது. நமது மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அதற்காகக் குரல் கொடுத்தன. கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. "இங்கே வீடு யாருடையது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். விசயம் அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சுனாமிக்கு முன்னரே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞர் நமது ஊர்க்காரரோடு சேர்ந்து உருவாக்கியது. போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில் களிமண் பிசைந்து, வர்ணம் தீட்டி, கதை சொல்லி விளையாடினார்கள். "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் பிள்ளையை நெருக்கவில்லை. பிள்ளை சொல்லும்வரை காத்திருந்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர் பொறுமையோடு வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

இனி 2018ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

2017 ஓகஸ்ட் 25ஆம் திகதிக்குப் பிறகு மியன்மாரின் றக்கைன் மாநிலத்திலிருந்து றோகிங்கியா மக்கள் பங்களாதேசத்துக்கு ஓடிவந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சில மாதங்களில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். நமது மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பின்படி ஐந்தேகால் இலட்சம்தான். வாகரையிலிருந்து துறைநீலாவணைவரை உள்ள அத்தனை சனமும், அதற்கு மேலும், ஒரே மழைக்காலத்தில் எழும்பி இன்னொரு நாட்டின் குன்றுகளில் போய்க் குந்தியது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சர்வதேச வைத்திய அமைப்பு ஆள் தேடியது. நான் ஆறு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு ஜனவரியில் போனேன்.

போகும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். "நான் வெள்ளைக்காரர் மாதிரி இல்லை. போரைப் பார்த்தவள், சுனாமியைப் பார்த்தவள், அகதி முகாமில் வேலைசெய்தவள். எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை." இந்த நினைப்போடுதான் கொக்ஸ் பஜாரில் போய் இறங்கினேன்.

முதல் நாட்கள் அந்த நினைப்பை வளர்க்கத்தான் செய்தன. கடற்கரையில் கருவாடு காயும் மணம் மூக்கில் பட்டதும் வாழைச்சேனை நினைவு வந்தது. சோறு, பருப்பு, கருவாட்டுக் கறி. கூட வந்த ஐரோப்பியத் தாதிமார் மூக்கைப் பொத்த, நான் இரண்டாம் தரம் சோறு கேட்டேன். முகாமில் ஒரு மூதாட்டி வெற்றிலைத் தட்டை நீட்டினா. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் வெற்றிலை கொடுப்பது நமது வழக்கமும்தானே. வாங்கிப் போட்டுக்கொண்டேன். வாய் சிவந்ததைப் பார்த்து அந்தக் குடிசையே சிரித்தது.

ஆனால் குட்டுப்பாலொங் முகாமை முதலில் பார்த்த நிமிடம் வேறு. ஒரு மேட்டில் ஏறி நின்றேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் குன்றுகள். ஒன்றிலும் மரம் இல்லை. விறகுக்கும் குடிசைக்குமாக எல்லாம் வெட்டப்பட்டு, செம்மண்ணில் மூங்கிலும் தார்ப்பாயும் மட்டும். ஏறி இறங்க மண்மூட்டைப் படிகள். சத்தம்தான் எனக்கு மறக்காதது. பிள்ளைகளின் இருமல். எல்லாத் திசையிலுமிருந்து இருமல்.

என்ன நோய் என்று வைத்தியத்துறையில் இருக்கும் தங்கைமாருக்குத் தெரிந்திருக்கும். தொண்டைக்கரப்பான், அதாவது டிப்தீரியா. 2017 நவம்பரில் தொடங்கி ஆயிரக்கணக்கில் பரவியது. எனது வயதுடைய இலங்கை வைத்தியர் அநேகர் அதைப் புத்தகத்தில் மட்டுமே படித்தவர்கள். தொண்டையில் சாம்பல் நிற ஆடை, மாட்டுக் கழுத்துப் போல வீங்கிய கழுத்து. படத்தில் பார்த்ததை ஒரே காலையில் பத்துப் பிள்ளைகளில் பார்த்தேன். நமக்கு ஏன் அது புத்தக நோயாகப் போனது? மருத்துவிச்சி அம்மாமார் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போய், அட்டையைப் பார்த்து, தேதி தவறாமல் ஊசிக்கு வரச்சொன்னதால். போர் நடந்த 1990களில்கூட போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியை நிறுத்திய நாட்கள் உண்டு. அந்த மக்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஓர் அட்டையே இருந்ததில்லை. நமது மருத்துவிச்சிமாரின் அருமையை நான் உணர்ந்தது மட்டக்களப்பில் அல்ல, அந்தச் செம்மண் மேட்டில்தான்.

அங்கே எனக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? பாம்புக்கடி. டிப்தீரியாவின் நஞ்சை முறிக்கும் மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. உலகத்திலேயே அது தட்டுப்பாடு. ஏற்றும்போது சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சு அடைத்து, உயிருக்கே ஆபத்து வரலாம். ஐரோப்பிய வைத்தியர்களுக்கு அதை ஏற்றக் கை நடுங்கியது. நாமோ படுவான்கரை வயலில் பாம்பு கடித்து வருகிறவர்களுக்குக் குதிரையிலிருந்து எடுத்த விஷமுறிவு மருந்தை ஏற்றி, அதே விளைவுகளைச் சமாளித்துப் பழகியவர்கள். அட்றினலின் ஊசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கத் தெரியும். ஒரு கிழமையில் அந்த வேலை என் பொறுப்பானது. பெருமை இன்னும் கூடியது.

மொழி விசயத்திலும் அப்படித்தான் நடந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் சிட்டகொங் பக்கத்துப் பிள்ளை, இருபது வயது. அவ பேசுவதும் றோகிங்கியா மொழியும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் முழுக்க ஒன்றல்ல. ஒரு நாள் ஓர் இளம் பெண் வந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னா. மொழிபெயர்ப்பாளர் குழம்பிப்போய், "மூன்று மாதமாகக் குளிக்கவில்லையாம்" என்றா. முகாமில் தண்ணீர்க் கஷ்டம், சொறி நோயும் அதிகம். தாதி உடனே சொறி மருந்துப் போத்தலை எடுத்தா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முழுகாமல் இருக்கிறா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். நமது அம்மம்மாமார் சொல்வது அதைத்தானே? றோகிங்கியாப் பெண்கள் மாதவிலக்கைக் குளிப்பு என்ற சொல்லால்தான் மறைத்துச் சொல்லுவார்கள். வங்காளி மொழிபெயர்ப்பாளருக்கும் தெரியாதது, ஐரோப்பியத் தாதிக்கும் தெரியாதது, மட்டக்களப்பு அம்மம்மா தயவில் எனக்குத் தெரிந்தது. பரிசோதித்தோம். கர்ப்பம்தான்.

இப்படி மூன்று கிழமை. இந்தச் சனம் எனக்கு விளங்குகிறது என்று நான் முற்றாக நம்பிய நேரத்தில்தான் அது நடந்தது.

நாலு வயது ஆண் பிள்ளை, டிப்தீரியா. தாய் கொண்டுவந்து சேர்த்தா. மருந்து ஏற்றினோம், பிள்ளை தேறத் தொடங்கியது. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பதினாலு நாள் போக வேண்டும். இரண்டாம் கிழமையில் இருதயத்தைத் தாக்கக்கூடிய நோய், ஆனபடியால் கண்காணிப்பிலும் இருக்க வேண்டும். தாய்க்கு எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டினா. மூன்றாம் நாள் இரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

காலையில் வெறும் கட்டிலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. உலகத்தில் கிடைக்காத மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை! அட்டையை எடுத்தேன். எழுதினேன். ஒத்துழைக்க மறுப்பவர். கீழே கோடும் இழுத்தேன்.

கோடு இழுத்து முடியும்போதுதான் கை நின்றது. பதின்மூன்று வருடத்துக்கு முந்தின அந்த அட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. அதே இங்கிலீசுச் சொல். அதே கோடு.

மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டேன். "இந்தத் தாயின் வீட்டில் யார் இருக்கிறார்கள், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னா, "இன்னும் மூன்று பிள்ளைகள், டொக்டர். பெரியவளுக்கு எட்டு வயது. புருசன் வரும் வழியில் காணாமல் போய்விட்டார். இரவில் குடிசைக்கு யானை வரும் என்று பயந்துகொண்டே இருந்தா." முகாம் இருந்தது யானைகள் காலங்காலமாக நடந்த பாதையில். முதல் மாதங்களில் பலர் யானை மிதித்து இறந்திருந்தார்கள். படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"உனக்கு இது எப்போதிலிருந்து தெரியும்?"

"முதல் நாளே சொன்னா, டொக்டர்."

"நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே, டொக்டர். நீங்கள் சொல்வதைத்தானே அவவுக்குச் சொல்லச் சொன்னீர்கள்."

அம்மா என்னிடம் கேட்ட அதே கேள்வியை நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். 2005இல் அம்மாவுக்கு நான் சொல்லத் தெரியாமல் நின்ற மறுமொழியை அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லிவிட்டா.

நான் ஏன் கேட்கவில்லை என்று பிறகு யோசித்தேன். அதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. நமது ஊர்ப் பழக்கமும்தான். மட்டக்களப்பில் ஒரு தாய் பிள்ளையோடு வாட்டில் தங்கினால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று நாங்கள் கேட்பதில்லை. அம்மா அடுத்த வளவில், தங்கச்சி பின் வளவில், பெரியம்மா எதிர்வீட்டில். பெண் பிறந்த இடத்திலேயே இருக்கும் ஊர் நம்முடையது. றோகிங்கியாப் பெண் கலியாணம் முடித்துப் புருசன் வீட்டுக்குப் போகிறவள். புருசனும் இல்லை, அவன் சொந்தங்களும் வேறு முகாமில் சிதறிப்போனால் அவளுக்கு ஒருவரும் இல்லை. அவளுக்கும் அம்மா பக்கத்தில் இருப்பா என்று என் மனம் தானாகவே எடுத்துக்கொண்டது. வீட்டை ஆணின் பெயரில் பதிந்தவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தை நமது ஊரில் பார்த்தார்கள். நான் எங்கள் ஊர் வழக்கத்தை அங்கே பார்த்தேன். அங்கே நான்தான் வெள்ளைக்காரி.

கருவாடும் வெற்றிலையும் "முழுகாமல்" என்ற சொல்லும் ஒத்துப்போனதால் எல்லாம் ஒத்துப்போகும் என்று நம்பியது என் பிழை. முழுக்கப் புதிய இடத்தில் கேட்டுக்கேட்டு நடப்போம். கொஞ்சம் பழகினதுபோல் இருக்கும் இடத்தில்தான் கேட்காமலே நடந்துவிடுகிறோம்.

அந்தச் சொல்லை வெட்டினேன். மொழிபெயர்ப்பாளரோடும் ஒரு றோகிங்கியாத் தொண்டரோடும் குடிசையைத் தேடினோம். தெருவுமில்லை, இலக்கமுமில்லை. இரண்டு நாள் ஆனது. கண்டதும் அந்தத் தாய் பயந்துபோனா, ஏசப்போகிறோம் என்று. நான் நிலத்தில் இருந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளருக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, வைத்தியர் மன்னிப்புக் கேட்டு அவ பார்த்ததில்லையாம். பிறகு நாலு பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிவந்தோம். டிப்தீரியா வந்த வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, கவனிக்கத்தான் வேண்டும். முதல் நாளே "வீட்டில் யார்?" என்று கேட்டிருந்தால் வைத்தியமும் சரியாக நடந்திருக்கும். அன்பு வேறு, வைத்தியம் வேறு என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது வைத்தியப் பிழையும்தான்.

பிள்ளை பிழைத்ததா என்று கேட்பீர்கள். நான் புறப்பட்ட நாளில் இருதயத் துடிப்பு சீராக இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆறு கிழமை முடிந்தது, விமானம் ஏறிவிட்டேன். தொண்டருக்குத் திரும்பிப் போகும் தேதி உண்டு. அவர்களுக்கு அது இல்லை. 2005இல் அந்த வெளிநாட்டு வைத்தியரும் நாவலடித் தாயை நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அன்றோடு போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் இந்த உரை முழுமையாகாது. அந்த ஆறு கிழமையில் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் பாயில் இருந்து, வெற்றிலை போட்டு, பிள்ளைகளை மடியில் வைத்திருந்தேன். திரும்பி வரும்போது விமானத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் காத்தான்குடி. அங்கிருந்து வரும் எத்தனை தாய்மாருக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன், ஆனால் எத்தனை வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறேன்? விரல் விட்டு எண்ணலாம். 1990இல் நமக்குள் விழுந்த வெடிப்பை நாமெல்லாம் வளர்ந்த பிறகும் அப்படியே தாண்டாமல் விட்டிருக்கிறோம். தெரியாத கலாசாரத்தைப் பார்க்க நான் கடல் கடந்து போனேன். அது பஸ்ஸில் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருந்தது. அந்த வருட நோன்புப் பெருநாளுக்குக் கூட வேலைசெய்யும் தாதி ஒருவ வீட்டுக்கு அழைத்தா. வழமையாகச் சாட்டுச் சொல்லுவேன். அன்றைக்குப் போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு இங்கே வந்து ஏதாவது தொண்டு செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல விசயம், அனுப்புங்கள். ஆனால் இந்த நாலையும் சொல்லி அனுப்புங்கள்.

முதலாவது, என்ன கொண்டு வரட்டும் என்று வரமுன்னம் கேளுங்கள். இங்கே இருக்கிறவர்கள் கேட்காத மருந்தையும் உடுப்பையும் பெட்டியில் அடைக்காதீர்கள். இரண்டாவது, தமிழ் வீட்டில் பிறந்தபடியால் மட்டக்களப்பு தெரியும் என்று நினைக்க வேண்டாம். அம்மா சொன்ன மட்டக்களப்பு இருபது, முப்பது வருடத்துக்கு முந்தியது. மூன்றாவது, மொழிபெயர்த்துத் தருகிறவரை வெறும் வாய் என்று நினையாமல் முதல் ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். "நான் கேட்காத எதையாவது அவ சொன்னாவா?" என்று ஒவ்வொரு தரமும் கேளுங்கள். நாலாவது, புத்தி சொல்லமுன்னம் "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். இன்றைக்கு எனது வைத்தியசாலையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்கள் நோயாளியின் பெயர், வயதுக்குப் பிறகு எழுத வேண்டிய மூன்றாவது வரி இதுதான்.

நிலத்தில் இருக்கும் தங்கச்சிமாரே, இந்தப் பாடசாலை எனக்குக் கணிதமும் விஞ்ஞானமும் தந்தது. மனையியல் ஆசிரியை ஒருவ தந்தது வேறொன்று. வெளியே யாருடைய வீட்டுக்குச் சமூகசேவைக்குப் போனாலும், "கால் கழுவிப்போட்டுத்தான் உள்ளே போகணும் பிள்ளையள், கூப்பிட்டாத்தான் குசினிக்குள்ள போகணும்" என்று சொல்லுவா. அந்த நேரம் அது ஒரு பழங்காலக் கண்டிப்பு என்று முணுமுணுத்தோம். இவ்வளவு தூரம் போய்வந்த பிறகு, தொண்டு செய்யப் போகிறவருக்கு அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அவ இன்று நம்மோடு இல்லை. இந்த உரையை அவவுக்குக் காணிக்கையாக்கி விடைபெறுகிறேன்.